மூன்றாவது பத்தியில் ‘ஏன்’

நிலவைப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் மாதம் முழுக்க எனக்குக் கிடைத்தவை வெள்ளை வட்டங்கள்தான். மேடில்லை, பள்ளமில்லை, கண்ணுக்கே தெரிகிற கருந்திட்டுகள்கூட இல்லை. கறுப்புத் துணியில் சுண்ணாம்பு விரலை ஒற்றி எடுத்ததுபோல ஒரு பொட்டு. இத்தனைக்கும் நான் விதியைத் துளியும் பிசகாமல் பின்பற்றிக்கொண்டிருந்தேன். இரவில் படம் எடுப்பதென்றால் லென்ஸை அகலமாகத் திறக்கவேண்டும், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கவேண்டும். கேமராவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கற்றுக்கொள்கிற பாடம் அது. தெருவிளக்குக்கு அது பலித்தது. மழையில் நனைந்த சாலைக்குப் பலித்தது. நட்சத்திரங்களுக்கும் பலித்தது. நிலவிடம் மட்டும் தோற்றது.

தோற்ற காரணம் ஒருநாள் பளிச்சென்று புரிந்தது. இரவு என்பது எனக்குத்தான், நிலவுக்கு இல்லை. நான் முழு நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிகிற நிலவின் முகத்தில் பட்டப்பகல். சூரியனுக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். நிலவு நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர். அந்தப் பெரிய தொலைவுக்கு முன்னால் இந்தச் சின்னத் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. அதாவது நம் வாசலில் விழுகிற அதே வெயில்தான் அங்கேயும் விழுகிறது. வெயிலில் படம் எடுக்கப் பிலிம் காலத்துக் கலைஞர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 16 (இந்த எண் குறையக் குறையத் திறப்பு அகலும்), பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 100 என்றால் ஷட்டர் நூறில் ஒரு பங்கு நொடி. நிலவின் தரை தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவைத்தான் திருப்பி அனுப்புகிறது. நாள்பட்ட தார்ச்சாலையும் ஏறக்குறைய அவ்வளவுதான் அனுப்பும். ஆகவே அந்தக் கணக்கில் ஒரு படி கூட்டித் திறந்து, எஃப் 11 வைத்தால் போதும்.

அன்றிரவு அப்படி வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினேன். திரையில் பார்த்தபோது தெற்கே டைக்கோ பள்ளமும் அதிலிருந்து கிளம்பும் வெண்கீற்றுகளும் துல்லியமாகத் தெரிந்தன. நான் மாற்றியது இரண்டு எண்கள் மட்டுமே. ஆனால் அந்த எண்களை யாராவது என்னிடம் வெறுமனே சொல்லியிருந்தால் இவ்வளவு மகிழ்ந்திருக்கமாட்டேன். காரணம் கையில் கிடைத்ததுதான் மகிழ்ச்சி.

அந்த வாரத்தில்தான் இந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினேன். கோடு போடாத தாள், கெட்டி அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கோடுகள் கிழித்து மூன்று பத்திகளாகப் பிரித்திருக்கிறேன். முதல் பத்தியில் விதி. இரண்டாவதில் அது எங்கே பலித்தது, எங்கே பிசகியது. மூன்றாவது பத்தியின் தலைப்பு ‘ஏன்’. வானம், கேமரா, சதுரங்கம், தொட்டிச் செடிகள் என்று எனக்குப் பிடித்த எல்லாமே அந்த ஒரே புத்தகத்தில்தான். மூன்றாவது பத்தி நிரம்பாத விதியை நான் நம்புவதில்லை. பின்பற்றுவேன், ஆனால் பென்சிலில் எழுதி வைத்துக்கொண்டுதான் பின்பற்றுவேன்.

நம் மொழியில் ‘விதி’ என்ற சொல்லுக்குத் தலையெழுத்து என்றும் பொருள் இருக்கிறது. ‘விதியே என்று செய்தான்’ என்றால் மனமில்லாமல், வேறு வழியின்றிச் செய்தான் என்று எல்லோருக்கும் புரியும். ‘நெறி’ என்றால் வழி. வழியில் நடக்கிறவருக்குக் கண் திறந்திருக்கவேண்டும். எங்கே போகிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும். இடையில் மரம் விழுந்து கிடந்தால் சுற்றிப் போகத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு நூலகர். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்த நூலகத்தில் ஒரு அட்டைக்கு இரண்டு புத்தகங்கள்தான், ஒரு வாரத்துக்கு. நான் இரண்டையும் இரண்டு நாளில் முடித்துவிட்டு மூன்றாம் நாளே போய் நிற்பேன். ஒருநாள் கடைசி வரிசையில், சன்னல் ஓரத்து அலமாரியிலிருந்து நாலு புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். எந்த இரண்டை விட்டுவிட்டுப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றையும் திறந்து, பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். நாலில் மூன்று சீட்டுகள் வெறுமையாக இருந்தன. ஒன்றில் மட்டும் எப்போதோ போட்ட ஒரு முத்திரை.

“இரண்டு புத்தகம் என்று எதற்காக வைத்திருக்கிறோம், தெரியுமா கண்ணு?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். “ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் மற்றவர்களுக்கு இல்லாமல் போகும். அதற்காக. இந்த அலமாரியை யாரும் தொடுவதே இல்லை. நீ நாலையும் எடுத்துக்கொண்டு போ.”

அந்த நாலில் ஒன்று வான்நூல். அதில் மடித்து வைத்திருந்த விண்மீன் வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. இன்றைக்கு நள்ளிரவில் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறேன் என்றால் அதன் தொடக்கம் அந்த மேசையில்தான் இருக்கிறது.

ஆனால் கதையின் பாதிதான் இது. மறுபாதி சில வாரங்கள் கழித்து நடந்தது. பிள்ளைகள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு படித்த ஒரு தொடர்கதையின் புதிய பாகம் வந்திருந்தது. என் கையில் ஏற்கெனவே ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது, ஆகவே விதிப்படி இதை எடுத்துக்கொண்டு போகலாம். அவர் தரவில்லை. “நீ ஒரு வாரம் வைத்துக்கொள்வாய். உனக்குப் பின்னால் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். நீ வேகமாகப் படிப்பாய் அல்லவா? இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போ” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விதி என் பக்கம் இருந்ததே!

நாலு புத்தகங்களைத் தந்தபோதும், விதிப்படி தரவேண்டிய ஒன்றைத் தராதபோதும் அவர் பார்த்தது ஒன்றையேதான்: புத்தகம் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும். இது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. நெறியைப் பிடித்துக்கொண்டு நடப்பதென்றால் தளர்வாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விதி கேட்பதைவிட அது சில வேளைகளில் அதிகமாகவே கேட்கும். விதியை நிறைவேற்றிவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்கலாம். நெறி அப்படி விடாது.

செடிகள் இதை இன்னும் கறாராகக் கற்றுத்தந்தன. முதன்முதலில் ஒரு சோற்றுக் கற்றாழையைத் தொட்டியில் வைத்தபோது அதற்கு நான் விதித்துக்கொண்டது: தினமும் காலையில் ஒரு குவளை தண்ணீர். ஒருநாளும் தவறவில்லை. மூன்றாவது வாரத்தில் மடல்கள் துவண்டன. வாடுகிறதே, தாகம் போலிருக்கிறது என்று மாலையிலும் ஒரு குவளை ஊற்றினேன். அடி மடல் ஒன்றைத் தொட்டேன். ஈரப் பஞ்சுபோல அமுங்கி, விரலிலேயே கழன்று வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் பழுப்பாக, கொழகொழவென்று, அழுகிய நாற்றத்தோடு வந்தன.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் காற்று இருக்கிறது. ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி, வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. வேர் செத்தால் தண்ணீரை உறிஞ்சமுடியாது. ஆகவே நீரில் மூழ்கிச் சாகிற செடியும் தாகத்தில் சாகிற செடியும் மேலே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே வாடும். நான் அக்கறையோடுதான் ஊற்றினேன். அந்த அக்கறைதான் அதைக் கொன்றது. கற்றாழை வறண்ட நிலத்துச் செடி. பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ஈரம் வீணாகாத இரவில் திறந்து மூச்சு விடுகிற செடி. தன் மடலிலேயே நீரைச் சேமித்து வைத்திருக்கிற அதற்கு என் தினசரிக் குவளை எதற்கு?

இப்போது என் செடிகளுக்குக் கிழமையும் கிடையாது, குவளைக் கணக்கும் கிடையாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பார்க்கிறேன். சின்னத் தொட்டி என்றால் தூக்கியே பார்த்துவிடுவேன். காய்ந்த தொட்டியின் கனமும் நனைந்த தொட்டியின் கனமும் கைக்குப் பழகிவிட்டன. இதில் நேரம் கூடுதலாகத்தான் போகிறது. இருபது தொட்டிகளுக்கும் ஒரே மாதிரி ஊற்றிவிட்டு வருவது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு வர அரைமணி ஆகிறது. அந்த அரைமணிதான் என் நாளின் மிக நல்ல பகுதி.

சதுரங்கத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. வாரம் ஒருமுறை என்னோடு விளையாட வருவாள். தொடக்கத்தில் எல்லோரையும்போல நானும் அவளுக்கு விதிகளை அடுக்கினேன். குதிரையை ஓரத்தில் வைக்காதே. ராணியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவராதே. ராஜாவைப் பத்திரமாக மூலையில் ஒதுக்கு. அவள் ஒவ்வொன்றுக்கும் “ஏன் அத்தை?” என்பாள். பதில் சொல்லாமல் ஒரு குதிரையை மட்டும் வெற்றுப் பலகையில் வைத்து, “இது எத்தனை கட்டங்களுக்குத் தாவும், எண்ணிப் பார்” என்றேன். நடுவில் வைத்து எண்ணினாள்: எட்டு. ஓரத்தின் மத்தியில் வைத்து எண்ணினாள்: நாலு. மூலையில் வைத்தாள்: இரண்டு. சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூலையில் வைத்தால் முக்கால் குதிரை காணாமல் போய்விடுகிறது” என்றாள். அதற்குப் பிறகு அந்த விதியை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

சில மாதங்கள் கழித்து ஓர் ஆட்டத்தில் அவள் தன் குதிரையை எஃப்3 கட்டத்திலிருந்து எடுத்து எச்4இல், பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். எனக்குப் பழைய வாத்தியார் புத்தி. “குதிரை ஓரத்துக்குப் போகிறதே, பார்த்தாயா?” என்று கேட்டுவிட்டேன்.

“அங்கே தங்கப் போவதில்லை அத்தை. அது படிக்கட்டுதான்” என்றாள். விரலால் காட்டினாள். அவளுக்கு வேண்டியது எஃப்5. டி4 வழியாகப் போனால் என் சிப்பாய் வெட்டிவிடும். எச்4 வழியாகப் போனால் யாரும் தடுக்கமுடியாது. அடுத்த நகர்வில் குதிரை எஃப்5இல் வந்து உட்கார்ந்தது. நான் அதை விரட்ட ஒரு வழியும் இல்லை. எட்டுக் கட்டங்களை எண்ணிப் பார்த்த பிள்ளைக்குத்தான் நாலு கட்டங்களை எப்போது பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிகிறது.

அன்று அவளுக்கு ஒரு பழைய ஆட்டத்தை எடுத்துக் காட்டினேன். 1991இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நைஜல் ஷார்ட்டும் யான் டிம்மனும் ஆடியது. வெள்ளைக் காய்கள் ஷார்ட்டிடம். பலகையில் இருபக்க ராணிகளும் யானைகளும் இருக்கின்றன. அப்படி இருக்கையில் ராஜாவை வெளியே நடத்தினால் தற்கொலை என்பது சதுரங்கம் கற்கிற எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்பது. 31ஆவது நகர்வில் ஷார்ட் தன் ராஜாவை எச்2க்கு நகர்த்துகிறார். பிறகு ஜி3. பிறகு எஃப்4. பிறகு ஜி5. எதிராளியின் கோட்டைக்குள் ராஜா தனியாக நடந்து போகிறது. அங்கேயே டிம்மன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அடுத்து ராஜா எச்6க்குப் போனால் ராணியோடு சேர்ந்து ஜி7இல் முடித்துவிடும், கறுப்பிடம் அதைத் தடுக்கக் காய் இல்லை.

அவளிடம் கேட்டேன்: “ராஜாவை ஏன் ஒளித்து வைக்கிறோம்?”

“யாராவது வந்து தாக்கிவிடுவார்கள் என்று.”

“இங்கே தாக்க யார் வருவார்கள், பார்.”

அவள் கறுப்புக் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஒன்று இதைக் காத்துக்கொண்டிருக்கிறது. இது அதைக் காத்துக்கொண்டிருக்கிறது. எதுவும் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. “யாரும் வரமுடியாது” என்றாள். ஷார்ட் ராஜாவின் பாதுகாப்பைக் கைவிடவில்லை. மற்றவர்கள் மூலையில் தேடுகிற அந்தப் பாதுகாப்பு அன்றைக்குப் பலகை முழுக்கப் பரவிக் கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். இந்த ஆட்டத்தை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் எஃப்4இல் ராஜா வந்து நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இதே பிள்ளைதான் எனக்கு வேறொரு பாடமும் சொன்னாள், அதை எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எங்கள் ஆட்டத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். போட்டிகளில் அதுதான் விதி, அதனால் நாங்களும் அப்படியே ஆடுகிறோம். ஒருநாள் நான் தோற்கிற நிலையில் இருந்தேன். மந்திரியைத் தொட்டுவிட்டேன். தொட்டவுடனேயே அதை நகர்த்தினால் யானை போய்விடும் என்று தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு, “நாம் கற்றுக்கொள்ளத்தானே ஆடுகிறோம், நல்ல நகர்வைத் தேடிப் பார்ப்பதுதான் முக்கியம்” என்றேன். சொன்னது முழுக்க உண்மை. அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போன வாரம் நான் தொட்டபோது?” என்று மட்டும் கேட்டாள்.

போன வாரம் அவள் தவறான காயைத் தொட்டபோது, விதி விதிதான் என்று சொல்லியிருந்தேன். மந்திரியை நகர்த்தினேன். யானை போயிற்று. ஆட்டமும் போயிற்று. அன்று இரவு நோட்டுப் புத்தகத்தின் உள் அட்டையில் ஒரு கேள்வியை எழுதி வைத்தேன்: விதியை மீறும்போது எனக்கு வேலை கூடுகிறதா, குறைகிறதா? நூலகருக்கு வேலை கூடியது; யார் எதைக் கேட்கிறார்கள் என்று அவர் நினைவில் வைத்திருக்கவேண்டியிருந்தது. செடி விஷயத்தில் எனக்கு வேலை கூடியது. மந்திரியைத் தொட்ட அன்று மட்டும் குறையப் பார்த்தது. நெறி, கொள்கை என்றெல்லாம் நான் பேசத் தொடங்கும்போது முதலில் இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். என் வசதிக்காகவே ஒவ்வொரு முறையும் வளைகிறது என்றால் அதற்கு வேறு பெயர்.

மறுபடியும் நிலவு. 2018 ஜூலை 27 அன்று முழுச் சந்திர கிரகணம். நிலவு பூமியின் நிழலுக்குள் முழுமையாக மூழ்கி 103 நிமிடங்கள் இருக்கப் போகிறது, இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுதான். மாலையிலேயே முக்காலியை நிறுத்தி, 300 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன். அப்பா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிலவில் இப்போது பகல் என்ற கதையை அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எஃப் 11, நூறில் ஒரு பங்கு நொடி. அதுதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு போல எனக்கு ஒரு பெருமை.

நிழல் ஓரத்திலிருந்து கடிக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக அது நிலவைத் தின்றது. அதுவரையில் ஒளி மிஞ்சியிருந்த பக்கத்துக்கு என் எண்கள் சரியாகவே வந்துகொண்டிருந்தன. கடைசி வெள்ளைக் கீற்றும் மறைந்தது. வானம் சட்டென்று ஆழமாயிற்று, அதுவரை தெரியாத விண்மீன்கள் எல்லாம் கிளம்பி வந்தன. நடுவில் செம்புக் காசுபோல நிலவு. சற்றுத் தள்ளிச் செவ்வாய்க் கோள், அதுவும் அந்த வாரத்தில் பூமிக்கு மிக அருகில் வந்துகொண்டிருந்ததால், சிவப்பாகக் கனன்றது. நான் அழுத்தினேன். திரை முழுக்கக் கறுப்பு. மறுபடி அழுத்தினேன். கறுப்பு. லென்ஸ் மூடியை எடுக்கவில்லையோ என்று தடவிப் பார்த்தேன். பேட்டரியைப் பார்த்தேன். நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன, என் கை நடுங்கத் தொடங்கியது.

“இப்போது அதன்மேல் வெயில் படவில்லையே அம்மா” என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

அவ்வளவுதான். பூமி நடுவில் வந்து நின்றுவிட்டது. நிலவில் இப்போது பகல் இல்லை. எஃப் 11 என்ற எண்ணை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்பதை நான் விட்டுவிட்டேன். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தவளே அதைத் திரும்ப விதியாக்கிவிட்டேன்! நோட்டில் எழுதிவைத்துப் பழக்கமாகிவிட்டால் நெறிகூட மெல்ல இறுகி விதியாகிவிடும் என்பதை அந்தக் கறுப்புத் திரையில்தான் பார்த்தேன்.

மூச்சை இழுத்துவிட்டு முதலிலிருந்து யோசித்தேன். இப்போது நிலவில் விழுவது பூமியின் காற்றுமண்டலத்தின் விளிம்பில் வளைந்து கசிகிற ஒளி மட்டுமே. நீலம் வழியிலேயே சிதறிப்போக, சிவப்பு மட்டும் மிஞ்சிப் போய்ச் சேர்கிறது. அந்தக் கணத்தில் பூமியின் விளிம்பைச் சுற்றி எங்கெல்லாம் சூரியன் உதித்துக்கொண்டிருக்கிறதோ, எங்கெல்லாம் மறைந்துகொண்டிருக்கிறதோ, அத்தனை ஊர்களின் சிவப்பும் சேர்ந்துதான் அந்தச் செம்பு. மிக மங்கலான ஒளி. அபெர்ச்சரை எஃப் 5.6க்குத் திறந்தேன், நாலு மடங்கு. பிலிமின் வேகத்துக்கு ஈடாக இன்றைய கேமராவில் இருக்கும் ஐஎஸ்ஓவை 100இலிருந்து 1600க்கு ஏற்றினேன், பதினாறு மடங்கு. ஷட்டரை ஒரு முழு நொடி வைத்தேன், நூறு மடங்கு. பெருக்கினால் 6,400 மடங்கு.

இன்னும் நீட்டி நாலு நொடி வைக்கலாமே என்று தோன்றியது. ஆனால் வானம் நிற்பதில்லை. பூமியின் சுழற்சியால் நிலவு தன் முழு அகலத்தைக் கடந்துபோக ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. நாலு நொடி வைத்தால் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு இழுபட்டுப்போகும், விளிம்பு மழுங்கிவிடும். ஒரு நொடிதான் என்று முடிவு செய்து, தொடாமல் தானே அழுத்திக்கொள்ளும் டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். திரையில் நிலவு வந்தது. ஒரு பக்கம் செங்கல் நிறம், மறுபக்கம் ஆரஞ்சு, தட்டையான வட்டமாக இல்லாமல் ஓர் உருண்டையாக, கையில் எடுக்கலாம் போல. அப்பாவை எழுப்பிக்கொண்டுவந்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்தப் படம் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ‘எஃப் 11’ என்று எழுதியிருந்த வரியில் அன்றே மூன்றாவது பத்தியைத் திருத்தினேன்: ‘வெயில் படும்வரை.’ அதன் பிறகு பாதி நிலவைப் பற்றியும் ஒரு வரி சேர்ந்தது. பாதி நிலவு முழு நிலவின் பாதி வெளிச்சம் தரும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. முழு நிலவில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக அடிப்பதால் நிலவுத் தரையின் நிழல்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாதி நிலவில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மேடும் தன் நிழலை நீட்டுகிறது. அதனால்தான் மேடுபள்ளங்களைப் பார்க்கப் பாதி நிலவே மிகச் சிறந்தது.

புத்தகம் முழுக்கப் பென்சிலும் நீல மையும்தான். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மை. சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்கான பக்கம் அது. ஒளி நுழைகிற முன்வாய்க்குச் சூரிய வடிகட்டி மாட்டாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது. கண் வைக்கிற முனையில் மாட்டுகிற சின்ன வடிகட்டி கூடாது, குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதில் எனக்கு விலக்கே கிடையாது. ‘ஒரு கணம்தானே’, ‘மேகம் மறைத்திருக்கிறதே’ என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது பத்தியில் எழுதியிருப்பது: ‘விழித்திரைக்கு வலி தெரியாது.’ சுட்டால் கை தானே விலகும். கண் அப்படி எச்சரிக்காது. தவறு நடந்தது தெரிகிறபோது திருத்த ஒன்றும் மிஞ்சியிருக்காது. யோசிக்க நேரமில்லாத இடத்தில், இழந்தது திரும்பாத இடத்தில், யோசனையை முன்கூட்டியே செய்து முடித்துப் பூட்டி வைத்துவிடுவது நல்லது. அண்ணன் மகள் இந்தப் பக்கத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்வாள். “ஏன்” என்பதையும் சேர்த்துத்தான்.

ஒரு வருடம் வாரத்துக்கு ஒரு புத்தகம், மொத்தம் 52 என்று கணக்கு வைத்துப் படித்தேன். நாலாவது மாதத்திலேயே மெல்லிய புத்தகங்களாகத் தேடி எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஆசைப்பட்டு வாங்கிவைத்த தொள்ளாயிரம் பக்க நாவல் டிசம்பர் வரை அப்படியே கிடந்தது. கணக்கை நிறுத்திவிட்டு, அந்த ஒரு நாவலை மூன்று மாதம் மெதுவாகப் படித்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நோட்டில் ஒரு வரி பென்சிலிலேயே நிற்கிறது. ‘முக்காலியில் வைத்தால் லென்ஸின் அதிர்வு தடுப்பானை அணைத்துவிடு.’ கை நடுங்கும்போது அதை உணர்ந்து, உள்ளிருக்கும் ஒரு கண்ணாடி வில்லையை எதிர்ப்பக்கம் அசைத்துச் சமன் செய்கிற கருவி அது. முக்காலியில் நடுக்கமே இல்லாதபோது, இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே படத்தை ஆட்டிவிடக்கூடும் என்பதால் வந்த விதி. அசைவின்மையை உணர்ந்து தானே ஓய்ந்துவிடுகிற லென்ஸ்களும் பிறகு வந்துவிட்டன. என்னுடையது எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை. வளர்பிறை, இன்று கிட்டத்தட்டப் பாதி நிலவு. பத்துப் படம் அணைத்து வைத்து, பத்துப் படம் போட்டு வைத்து எடுக்கப் போகிறேன். அண்ணன் மகள் இரவு இங்கேதான் தங்குகிறாள். எது எந்தப் படம் என்று சொல்லாமல் அவளிடம் காட்டி, எதில் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று கேட்கவேண்டும். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறாள். மூன்றாவது பத்தியை இன்று அவள்தான் எழுதுவாளாம்.